பெல்ட் சாண்டரில் பெல்ட் ஒதுங்குகிறதா? திருகைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

"அண்ணே, பெல்ட் மறுபடியும் உள்ள போகுது."

உப்புத்தாள் பெல்ட் இரண்டு ரோலரில் சுற்றி மரத்தைத் தேய்க்கும் கைமெஷின்தான் பெல்ட் சாண்டர். எங்கள் பட்டறையில் வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தக் குரல் கேட்கும். சொல்லி முடிப்பதற்குள் தம்பியின் கட்டைவிரல் டிராக்கிங் திருகுக்கு, அதாவது பெல்ட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தும் திருகுக்கு, போயிருக்கும். குறை சொல்ல முடியாது, நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் மெஷின் வாங்கிய புதிதில் பழைய தேக்குக் கதவு ஒன்றில் வார்னிஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். பெல்ட் உள்பக்கமாக, மெஷினின் உடம்பை நோக்கி ஒதுங்கி உரசியது. திருகினேன். கொஞ்சம் வெளியே வந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடி உள்ளே போனது. மறுபடி திருகினேன். கடைசியில் திருகுக்கு மேலே போக இடமில்லை, பெல்ட் மட்டும் உள்ளேதான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் அலுமினிய உடம்பில் அரத்தால் ராவியதுபோல ஒரு பள்ளம், பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது.

காரணம், பின் ரோலரின் உள் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்திருந்த வார்னிஷ் பிசின். நகத்தின் கனம்கூட இருக்காது.

டிராக்கிங் திருகு கடைசி நேர நுணுக்கத்துக்கு உள்ளது. புது பெல்ட் போடும்போது கால் சுற்று, அரைச் சுற்று திருகுவது சரி. ஒரே பெல்ட்டுக்கு தினமும் திருக வேண்டியிருந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, திருகு அதை மூடி மறைக்கிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் திருகு நான்காவதாக வருகிறது.

பெல்ட் எப்படி நடுவில் நிற்கிறது

மெஷினில் இரண்டு ரோலர். பின்னால் இருப்பது மோட்டாரோடு சேர்ந்தது, மேலே ரப்பர் போர்த்தியிருக்கும். பெல்ட்டை இழுப்பது அதுதான். முன்னால் இருப்பது சும்மா சுழலும் ரோலர், ஸ்பிரிங் அதை முன்னோக்கித் தள்ளி பெல்ட்டை விறைப்பாக வைத்திருக்கும். பல மெஷின்களில் இந்த முன் ரோலர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நடுவில் புடைத்து, ஓரங்களில் மெலிந்திருக்கும். பீப்பாய் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புடைப்பு எதற்கு? பெல்ட் எப்போதும் உயரமான இடத்தைத் தேடி ஏறும். கேட்க விசித்திரமாக இருக்கும், மேட்டிலிருந்து சரிந்து விழத்தானே வேண்டும் என்று தோன்றும். நடப்பது வேறு. சரிவில் உட்கார்ந்த பெல்ட்டின் மேட்டுப் பக்க ஓரம் அதிகமாக இழுபடுகிறது, பெல்ட் லேசாக வளைகிறது. அந்த வளைவால், அடுத்து ரோலரை வந்து தொடும் பகுதி இன்னும் கொஞ்சம் மேட்டுப் பக்கமாக வந்து உட்காருகிறது. இப்படியே ஏறி ஏறி நடுவுக்கு வந்து நின்றுவிடும்.

இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. மேடு நடுவில் இருக்கும்வரை பெல்ட் நடுவில். ஓரத்தில் ஏதாவது ஒட்டி அங்கே மேடு உண்டானால் பெல்ட் அந்த ஓரத்துக்குப் போகும். என் தேக்குக் கதவு கதை இதுதான்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

சுவிட்சை அணைத்தால் போதாது. இந்த மெஷின்களில் சுவிட்சை அமுக்கிப் பூட்டும் பொத்தான் உண்டு. பூட்டியபடியே கரண்ட் போய், அதை மறந்துவிட்டுப் பிறகு பிளக் சொருகினால் மெஷின் தானாக மேஜைமேல் ஓடத் தொடங்கும். எனக்கு நடந்திருக்கிறது, ஒரு டீ கிளாஸோடு போனது. பெல்ட்டின் அடிப்பக்கம் முன்னாலிருந்து பின்னால் ஓடுவதால் மெஷின் முன்னோக்கிப் பாயும். திரும்பச் சொருகும்போது ஒவ்வொரு தடவையும் சுவிட்சை ஒருமுறை அமுக்கி விட்டுப் பாருங்கள்.

எப்படி ஒதுங்குகிறது என்று கவனியுங்கள்

மெஷினைக் கவிழ்த்து, ஒரு கையால் கைப்பிடியை உறுதியாகப் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு சுவிட்சைத் தட்டித் தட்டி விடுங்கள். தளர்ந்த சட்டைக் கை, கழுத்துத் துண்டு எதுவும் பக்கத்தில் வேண்டாம். வேகம் மாற்றும் வசதி இருந்தால் குறைந்தபட்சத்தில் வையுங்கள்.

சீராக ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே போனால் ரோலரில் அழுக்கு, சரியில்லாத திருகு நிலை, அல்லது கோணலாக வெட்டிய பெல்ட். உள்ளே வெளியே என்று தாளம் தப்பாமல் ஆடினால் பெல்ட்டின் ஜாயிண்ட், அதாவது இரு முனைகளும் ஒட்டிய இடம், கோணல். 610 மி.மீ. நீளப் பெல்ட் நிமிடத்துக்கு 350 மீட்டர் வேகத்தில் ஓடும்போது ஜாயிண்ட் வினாடிக்கு ஒன்பது முறைக்கு மேல் சுற்றி வரும். அந்த வேகத்தில் ஓரம் மங்கலாகத்தான் தெரியும், ஆட்டம் தெரியாது. குறைந்த வேகத்தில் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

தாளமும் இல்லாமல், ஒரு பக்கம் என்றும் இல்லாமல் மனம்போனபடி அலைந்தால் விறைப்பு போதவில்லை, அல்லது முன் ரோலர் பேரிங் தேய்ந்திருக்கிறது. வெறுமனே ஓடும்போது ஒழுங்காக இருந்து மரத்தில் வைத்தவுடன் ஒதுங்கினால் விறைப்பையும், பின் ரோலர் ரப்பரையும், உங்கள் கையையும் சந்தேகப்பட வேண்டும். கையை யாரும் சந்தேகிப்பதில்லை.

1. பெல்ட்

உள்பக்கம் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். ஒரு முனைமேல் இன்னொரு முனையை ஏற்றி ஒட்டிய பெல்ட்டில் அம்பு இருக்கும், ரோலர் சுற்றும் திசையில்தான் போட வேண்டும். திருப்பிப் போட்டால் மேலே ஏறிய முனை மரத்தில் இடித்து இடித்துப் பிளக்கும். இரு முனைகளையும் முட்ட வைத்து உள்ளே டேப் ஒட்டிய பெல்ட்டுக்குத் திசை கிடையாது, அம்பும் இருக்காது.

அடுத்து ஜாயிண்ட். ஓரத்தில் நகத்தை வைத்து மெல்ல இழுத்துப் போங்கள். ஜாயிண்ட் வரும் இடத்தில் நகம் தட்டினால், படிபோல ஏறினாலோ இறங்கினாலோ, அந்தப் பெல்ட் கோணலாக ஒட்டப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் படி போதும், வாழ்நாள் முழுக்க ஆடும். அதைக் கிழித்துக் கையால் தேய்க்கும் உப்புத்தாளாகப் பயன்படுத்துங்கள். மலிவாகக் கிடைத்ததே என்று ஒருமுறை பத்துப் பெல்ட் கொண்ட கட்டு வாங்கினேன், நான்கு தேறியது.

இனி ஒரு சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது. பெல்ட்டைக் கழற்றி, இடது ஓரம் வலதாக வரும்படி திருப்பிப் போட்டு, மரத்தில் வைக்காமல் சில வினாடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். முன்பு உள்ளே போன பெல்ட் இப்போது வெளியே போனால் கோளாறு பெல்ட்டில். ஒரு ஓரம் நீளமாகவும் மறு ஓரம் குட்டையாகவும் வெட்டியிருக்கிறார்கள். இப்போதும் உள்ளேயே போனால் கோளாறு மெஷினில். அம்பு உள்ள பெல்ட்டும் சுமையில்லாமல் இந்தச் சில வினாடி ஓடினால் ஒன்றும் ஆகாது, உடனே சரியான திசைக்கு மாற்றிவிடுங்கள்.

பெல்ட்டை எப்படி வைத்திருந்தீர்கள் என்பதும் முக்கியம். துணி முதுகு ஈரத்தை உறிஞ்சும், தேய்க்கும் மணல் பக்கம் அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் பெல்ட் குறுக்கே வளைந்து ஓடுபோல நிற்கும். அப்படி வளைந்த பெல்ட் ரோலரில் படிந்து உட்காராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் பட்டறையில் டிராக்கிங் புகார் கூடும், பெயின்ட் காய நேரமாவதும் பெல்ட் அலைவதும் சேர்ந்தே வரும். ஆணியில் மாட்டித் தொங்கவிட்டாலும் கெடும், ஆணி பட்ட இடத்தில் மடிப்பு விழுந்துவிடும். நான்கு இஞ்ச் பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் மாட்டி வையுங்கள். சுண்ணாம்புச் சுவரை ஒட்டியோ சிமென்ட் தரைமேலோ வேண்டாம். மழைக்காலத்தில் அன்றைக்கு வேண்டிய பெல்ட்டை மட்டும் எடுத்து, மூடிய டப்பாவில் மீதியை வைப்பது நல்லது.

2. அழுக்கு

பெல்ட் குற்றமற்றது என்று தெரிந்தபின் அதைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இரண்டு ரோலரையும் கையால் சுற்றிக்கொண்டே விரலை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓட்டுங்கள். கண்ணை விட விரல் நன்றாகச் சொல்லும். பழைய வார்னிஷ், டச்வுட், சீலர் தேய்த்த மெஷின் என்றால் கறுத்த பளபளப்பான செதில் ஒன்று ரப்பரின் ஓரத்தில் இருக்கும். சூட்டில் உருகி, தூளோடு குழைந்து, ஆறியபின் கல்லாகிப்போன பிசின். பால் வடியும் பலா, பிசின் வடியும் வேம்பு போன்ற மரங்களைச் சரியாகக் காயாமல் தேய்த்தாலும் வரும்.

இரும்புச் சுரண்டியால் ரப்பரைத் தொடாதீர்கள். மூங்கில் சீவல் ஒன்றை உளிபோலச் சீவி, ரோலரைக் கையால் சுற்றியபடி ஓரத்திலிருந்து தள்ளினால் செதில் துண்டு துண்டாக உதிரும். மிச்சத்தைப் பித்தளை பிரஷால் தேய்க்கலாம். தின்னரும் பெட்ரோலும் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். பிறகு அந்த உப்பல்தான் புது மேடு. ஐசோபுரோபைல் ஸ்பிரிட்டில் துணியை லேசாக நனைத்துத் துடைத்து, காயவிட்டால் போதும்.

முன் ரோலர் உலோகம் என்றால் கொஞ்சம் தைரியமாகச் சுரண்டலாம், ஆனாலும் கீறல் விழாமல்.

பெல்ட்டின் உள்பக்கத்தையும் பாருங்கள். அங்கே ஒட்டிய கட்டி ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் ரோலரைத் தூக்கிப்போடும். மணல் பக்கம் தூளால் அடைத்திருந்தால் கிரேப் ரப்பர் கட்டியை ஓடும் பெல்ட்டில் வைத்து எடுக்கலாம், தேய்ந்துபோன ரப்பர் செருப்பின் அடியும் அந்த வேலையைச் செய்யும். அடைப்பு சூட்டைக் கூட்டும், சூடு ஜாயிண்ட் பசையைத் தளர்த்தும், அதன்பின் ஆட்டம்தான்.

3. விறைப்பு

லிவரை இழுத்து முன் ரோலரைப் பின்வாங்கச் செய்யுங்கள். சில பழைய மெஷின்களில் லிவர் இருக்காது, முன் ரோலரை மரக்கட்டையில் வைத்து அமுக்கினால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். இப்போது விடுங்கள். 'டக்'கென்று முழு வேகத்தில் முன்னே வர வேண்டும். சோம்பலாக, இரண்டு தவணையாக வந்தால் அங்கேதான் நோய்.

ஸ்பிரிங் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ரோலரைத் தாங்கும் கவை வழுக்கிப் போகும் பாதையில் மரத்தூள் இறுகி அடைத்திருக்கும், ஸ்பிரிங் எவ்வளவு தள்ளினாலும் அது விடாது. நான் பார்த்தவற்றில் ஸ்பிரிங்கை விட இதுதான் அதிகம். பழைய பல்துலக்கும் பிரஷால் தூளைக் கிளறி, ஊதித் தள்ளிவிட்டு, மெழுகை லேசாகத் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம். கிரீஸும் தூளும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் களிமண். சுத்தம் செய்த பிறகும் சோம்பலாக வந்தால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

விறைப்பு குறைந்த பெல்ட்டுக்கு இன்னொரு அடையாளம்: மரத்தில் அமுக்கினால் மோட்டார் ஓடும், பெல்ட் நின்றுவிடும். ஆனால் பின் ரோலரும் சேர்ந்து நின்றால் அது வேறு கதை. பக்க மூடிக்குள்ளே மோட்டாரையும் ரோலரையும் இணைக்கும் பல்வைத்த சின்ன பெல்ட்டில் பல் உதிர்ந்திருக்கும்.

4. இப்போது திருகு

தானாகவே டிராக்கிங் பார்த்துக்கொள்ளும் மெஷின் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள்.

முதலில் திருகின் இப்போதைய நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் திருகினால் பெல்ட் எந்தப் பக்கம் போகும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். தெரிந்துகொள்ள ஒரே வழி, மெஷினைக் கவிழ்த்துப் பிடித்துச் சுவிட்சைத் தட்டி, கால் சுற்று திருகிப் பார்ப்பதுதான். திருகியதும் பெல்ட் உடனே நகர்ந்துவிடாது. திருகு முன் ரோலரை ஒரு மயிரளவு சாய்க்கிறது, பெல்ட் பல சுற்று சுற்றித்தான் புது இடத்துக்கு வரும். கால் சுற்று திருகி, ஐந்து வினாடி காத்திருந்து, பிறகு அடுத்த கால் சுற்று. பொறுக்காமல் மேலும் மேலும் திருகினால் பெல்ட் நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாயும், நீங்களும் திருப்பித் திருகுவீர்கள். இப்படி ஊஞ்சலாடியே அரை மணி நேரத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெல்ட் எங்கே நிற்க வேண்டும்? மெஷினின் ஒரு பக்கம் உடம்பு, மறு பக்கம் திறந்திருக்கும். பெல்ட்டின் ஓரம் திறந்த பக்கத்தில் அடித்தட்டின் ஓரத்தோடு ஒட்டி நிற்பது பெரும்பாலான மெஷின்களுக்குச் சரியான இடம். உள்பக்கம் உடம்போடு உரசாமல் மெல்லிய வெளிச்சம் தெரிய வேண்டும். வெளியே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தொங்கினால் கதவின் சட்டத்தை, பெட்டியின் மூலையை அந்த ஓரம் அறுத்துவிடும்.

இப்படி வந்தபின் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். புது பெல்ட் சூடேறியதும் கொஞ்சம் நீளும், அப்போது ஒருமுறை சரிபார்த்தால் போதும். கழிவு மரத்தில் வைத்து ஓட்டி இன்னொருமுறை பாருங்கள். இரண்டிலும் பெல்ட் இடம் மாறாமல் நின்றால் பென்சில் கோட்டை அழித்துவிட்டு நகப்பூச்சால் புதுப் புள்ளி வையுங்கள். அடுத்த தடவை அந்தப் புள்ளியிலிருந்து ஒரு சுற்றுக்கு மேல் விலக வேண்டியிருந்தால், திருகுவதை நிறுத்திவிட்டு 1-லிருந்து பார்ப்பதே வழி.

5. ரோலரும் பேரிங்கும்

பெல்ட் இல்லாமல் முன் ரோலரைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்றால் பேரிங் போய்விட்டது. சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் சில சுற்று போக வேண்டும், மணல் அரைவதுபோலக் கேட்டால் அதுவும் அதே கதிதான். பேரிங்கின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். 608 என்றிருந்தால் உள் துளை 8 மி.மீ., வெளி விட்டம் 22, கனம் 7; எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள், திறந்த பேரிங் மரத்தூளில் ஒரு மாதம் தாங்காது. சில மெஷின்களில் பேரிங்குக்குப் பதில் வெண்கல புஷ் இருக்கும், அதைக் கடைசலில் செய்வதை விட அசல் பாகம் வாங்குவது மேல்.

அடுத்து அந்தப் பீப்பாய்ப் புடைப்பு. இரும்பு ஸ்கேலின் ஓரத்தை ரோலரின் நீளவாக்கில் வைத்து, பின்னால் செல்போன் வெளிச்சம் காட்டுங்கள். நடு தொட்டு, இரு ஓரத்திலும் மெல்லிய வெளிச்சம் கசிந்தால் சுகம். முழுக்க ஒட்டி உட்கார்ந்தால் புடைப்பு தேய்ந்துவிட்டது, நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிந்தே போய்விட்டது. பின் ரோலருக்கும் இதே சோதனை. அங்கே நடுவில் ரப்பர் குழிந்து ஓரம் உயர்ந்திருந்தால் பெல்ட் இரண்டு மேட்டுக்கு நடுவே எந்தப் பக்கம் போவது என்று தவிக்கும், திருகால் அதைச் சமாதானப்படுத்த முடியாது. ரப்பர் கண்ணாடிபோலப் பளபளத்திருந்தால் பிடிப்பு போய்விட்டது, 120 உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் சில காலம் ஓடும்.

வேலை பாதியில் நிற்கும்போது ஒரு கைவைத்தியம் உண்டு. முன் ரோலரின் நடுவில் அரை இஞ்ச் அகலத்துக்கு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று, தேவைப்பட்டால் இரண்டு சுற்று ஒட்டினால் தற்காலிகப் புடைப்பு கிடைக்கும். அன்றைய வேலை முடியும்வரைதான். சூட்டில் பசை இளகி டேப் நகர ஆரம்பித்தால் முன்னைவிட மோசமாகும்.

மெஷின் எப்போதாவது கீழே விழுந்ததா என்று கேளுங்கள். பதில் எப்போதும் "இல்லண்ணே"தான். முன் ரோலரைத் தாங்கும் கவை இலேசாக வளைந்திருந்தாலும் திருகு கடைசிவரை போய்த்தான் பெல்ட் நிற்கும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். வார்ப்பு அலுமினியம் என்றால் விரிசல் விடும். புதிது வாங்குங்கள்.

6. அடித்தட்டு

ரோலர்களுக்கு நடுவே பெல்ட்டைத் தாங்கும் தட்டும் அதன்மேல் கிராஃபைட் பேடும் இருக்கும். பேட் ஒரு பக்கம் தேய்ந்து மறு பக்கம் தடித்திருந்தால் சுமை ஏறியவுடன் பெல்ட் நழுவும். ஓரம் சுருண்டு மேலெழுந்திருந்தால் பெல்ட்டை அறுக்கும். பேட்டை மாற்றுவது இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றும் வேலைதான்.

7. கை

எல்லாம் சரி, சும்மா ஓடும்போது பெல்ட் ஆடாமல் நிற்கிறது, ஆனால் தம்பி கையில் மட்டும் ஒதுங்குகிறது என்றால் மெஷினை விட்டுவிட்டு அவன் நிற்பதைப் பாருங்கள். பலகையின் எதிர் ஓரத்தை எட்ட, உடம்பை நீட்டி, மெஷினை ஒரு பக்கமாகச் சாய்த்து அமுக்கிக்கொண்டிருப்பான். வயர் காலில் சிக்கிப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருக்கும். 100×610 மி.மீ. பெல்ட் போடும் மெஷின் ஐந்து கிலோ அளவுக்கு இருக்கும், அந்த எடையே போதும், அமுக்க வேண்டியதில்லை. மர ரேகையோடு நேராக முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். வயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நான் அவனை மேஜையின் அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னேன், பெல்ட் ஒதுங்குவது நின்றுவிட்டது.

கடைசியாக, உடம்பில் ஏற்கெனவே விழுந்த பள்ளம். பெல்ட் உரசும் இடத்தில் சில மெஷின்களில் மாற்றக்கூடிய எஃகுத் தகடு வைத்திருப்பார்கள், பள்ளம் தகட்டில் என்றால் தகட்டை மட்டும் மாற்றினால் தீர்ந்தது. அலுமினியத்திலேயே விழுந்திருந்தால் அதன் கூரிய விளிம்பை மெல்லிய அரத்தால் மழுக்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பெல்ட் ஒரு மில்லிமீட்டர் உள்ளே வந்தாலும் அந்த விளிம்பு அதன் ஓரத்தைச் சீவும். என் பழைய மெஷினில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதலில் அதைத்தான் விரலால் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.